குளிருக்கு ஜப்பானிய மொழியில் எத்தனை சொல்? ஸமுய்யில் தொடங்கி ஒரு விரிவான பதில்

"ஜனவரியில் வேலைக்காக சப்போரோ போகிறேன். ஜப்பானிய மொழியில் இரண்டாம் படித் தேர்வு முடித்திருக்கிறேன். குளிருக்கு ஸமுய், ட்ஸுமெத்தாய் என்று இரண்டு சொல் தெரியும். அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. இன்னும் ஐம்பது அறுபது சொல் இருக்கிறது என்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டுமா, எப்படிப் படிப்பது?" இதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஆனால் படிக்கும் சொற்களை "லேசான குளிர், நடுத்தரக் குளிர், கடுங்குளிர்" என்று ஏணி மாதிரி அடுக்கிப் படித்தால் நிச்சயம் குழம்புவீர்கள். ஜப்பானியர் குளிரைப் பிரிப்பது பெரும்பாலும் அளவை வைத்து அல்ல. குளிர் எங்கே இருக்கிறது, எந்தப் பருவத்தில் நின்றுகொண்டு அதை உணர்கிறோம் என்பதை வைத்து. கியோட்டோவில் மூன்று குளிர்காலமும், வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள அசாஹிகாவாவில் இரண்டும் கழித்த பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது.

முதலில் உங்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள். ஸமுய் என்றால் காற்றே குளிர்ந்து கிடக்கிறது, உடம்பு முழுக்க அதற்குள் நிற்கிறது. அதற்கான சீன எழுத்தின் பழைய வடிவத்தைப் பார்த்தால் மறக்கவே மறக்காது. மேலே ஒரு கூரை, அதற்கடியில் புல் கட்டுகள், அவற்றுக்கு நடுவில் ஒரு மனிதன், எல்லாவற்றுக்கும் கீழே பனிக்கட்டி. வைக்கோலைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஆள்தான் ஸமுய். ட்ஸுமெத்தாய் என்பது தொட்டால் தெரிவது. கதவுப் பிடி, குழாய்த் தண்ணீர், அடுத்தவர் கை எல்லாம் ட்ஸுமெத்தாய். அறை ஸமுய், அந்த அறையின் தரை ட்ஸுமெத்தாய். காற்று வீசினால்? அது கன்னத்தில் வந்து மோதுகிறதே, அதனால் "ட்ஸுமெத்தாய் கஜெ" என்பதுதான் இயல்பு. கஜெ என்றால் காற்று.

போன புதிதில் ஒரு காபிக் கடையில் "கோஹி கா ஸமுய்" என்று சொல்லிவிட்டேன். காபி ஆறிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. காபிக்கே குளிரெடுக்கிறது என்பது போல ஒலித்திருக்கும். சரி, ட்ஸுமெத்தாய் என்று திருத்திச் சொன்னால் பனிக்கட்டி போட்ட காபி கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு வேண்டிய சொல் ஸமெரு.

இந்த ஸமெரு தமிழ் பேசுகிறவருக்குக் கிடைத்த வரம். சூடாக இருக்க வேண்டிய ஒன்று சூட்டை இழந்து சாதாரண நிலைக்கு வருவதுதான் ஸமெரு. அதாவது நம்முடைய "ஆறுதல்". காபி ஆறிப்போச்சு, சாதம் ஆறிப்போச்சு என்கிறோமே, அதே ஆறு. குளிர்பதனப் பெட்டியில் வைத்து அதற்கும் கீழே இறக்கினால் அது ஹியெரு. நன்றாக ஹியெரு ஆன பீர் பாராட்டுக்குரியது, ஸமெரு ஆன சூப் குறைக்குரியது. ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிப்பவர்கள் இந்த இரண்டையும் பிரிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு ஆறுவது வேறு, குளிர்வது வேறு என்று குழந்தையிலிருந்தே தெரியும். குளித்துவிட்டு வெந்நீர்ச் சூடு உடம்பில் இருக்கும்போதே துவட்டாமல் கிடந்து நடுக்கம் வருவதற்கு அவர்கள் யுஜமெ என்பார்கள். யு என்றால் வெந்நீர், பின்பாதி இந்த ஸமெருவேதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: தமிழில் மனம் ஆறினால் நல்லது, புண் ஆறினால் நல்லது. ஜப்பானிய மொழியில் காதல் ஸமெரு ஆனால் கதை முடிந்தது. நம்முடைய ஆறுதலின் இதமான பக்கத்தை அங்கே கொண்டுபோக முடியாது.

ஹியெருவை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்றாடப் பேச்சில் ஸமுய்க்கு அடுத்து அதிகம் காதில் விழப்போவது இதுதான். இது உள்ளே இறங்கும் குளிர். மாலையில் வெளியே கிளம்பும்போது "இரவு ஹியெரு ஆகும், ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்" என்பார்கள். கைகால் எப்போதும் ஜில்லிட்டே இருக்கும் உடல்வாகுக்கு ஹியெஷோ என்று பெயர். குறிப்பாகப் பெண்கள் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள், மருந்துக்கடையில் அதற்கென்றே சாக்ஸும் ஒட்டும் சூட்டுப் பட்டைகளும் தனி வரிசையில் இருக்கும். தூக்கத்தில் போர்வை விலகி வயிறு குளிர்ந்து சளி பிடிப்பது நெபியே. இது கோடையில்தான் அதிகம் நடக்கும். வானிலை அறிவிப்பில் ஹியெக்கொமி என்று வரும். வெப்பநிலை சட்டென்று கீழே இறங்குவது அது. "இந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய ஹியெக்கொமி" என்ற வரியைக் கேட்காமல் ஒரு டிசம்பரும் போகாது. கூடவே ஹோஷா ரெய்க்யக்கு என்ற நீளமான சொல்லும் வரும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் வெப்பம் தடையில்லாமல் வானுக்குப் போய்விடுவது. இயற்பியல் பாடச் சொல்தான், ஆனால் தொலைக்காட்சி பார்க்கும் பாட்டிகளுக்கும் அத்துப்படி.

இதே குடும்பத்தில்தான் கியோட்டோவின் ஸொக்கொபியே. ஸொக்கொ என்றால் அடி. அடியிலிருந்து ஏறும் குளிர். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் அந்த ஊர் இருக்கிறது. இரவில் கனத்த குளிர்காற்று கீழே இறங்கித் தேங்கிவிடுகிறது. வெப்பமானியைப் பார்த்தால் அதிகாலையில் 1, 2 டிகிரிதான் இருக்கும், பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் பழைய மரவீட்டில் காலையில் பாயிலிருந்து இறங்கிச் சமையலறைப் பலகையில் காலை வைக்கும்போது தெரியும். முதலில் உள்ளங்கால், அப்புறம் கணுக்கால், தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் முழங்கால் வரை ஏறியிருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டாலும் ஏறும். அசாஹிகாவாவில் மைனஸ் 20 பார்த்திருக்கிறேன், ஆனாலும் வீட்டுக்குள் இருந்தபடி அதிகம் நடுங்கியது கியோட்டோவில்தான். வடக்கே வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலும், அறையைச் சூடாக்கும் பெரிய ஸ்டவ்வும் உண்டு. கியோட்டோவின் பழைய வீடு கோடைக்காகக் கட்டியது.

நீங்கள் போகும் ஹொக்கைடோவுக்கு வருவோம். அங்கே ஷிபரெரு என்ற வட்டாரச் சொல்லை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள். ஜப்பானின் முதன்மைத் தீவில் வடகிழக்குப் பகுதியான தோஹொக்குவின் வடபக்கத்திலும் உண்டு. ஸமுய் எல்லாம் தாண்டி, மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி ஒட்டிக்கொள்கிற குளிர் அது. ஆளுக்கும் சொல்லலாம், பொருளுக்கும் சொல்லலாம்: குழாய் ஷிபரெரு ஆகிவிட்டது என்றால் தண்ணீர் உறைந்து நின்றுவிட்டது என்று பொருள். அதனால் "மிஜு ஒத்தொஷி" என்ற சொல்லையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இறக்குதல். கடும் குளிர் இரவிலும், சில நாள் ஊருக்குப் போகும்போதும், குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வீட்டு உரிமையாளர் முதல் நாள் இதைத்தான் காட்டிக்கொடுப்பார், கவனமாகக் கேளுங்கள். கிழக்கு ஹொக்கைடோவில் ரிக்குபெட்ஸு என்ற சிறிய ஊர், ஜப்பானிலேயே குளிரான ஊர் என்று தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு பிப்ரவரி தொடக்கத்தில் ஷிபரெ விழா நடத்துகிறது. பனிக்கட்டிக் குடில்களில் இரவு முழுக்கத் தங்கிப் பார்க்கும் நிகழ்ச்சியும் அதில் உண்டு. ஆனால் பதிவேட்டுச் சாதனை அசாஹிகாவாவுக்குத்தான்: 1902 ஜனவரி 25, மைனஸ் 41.0 டிகிரி. அதே குளிர் அலையில்தான் அவோமொரியின் ஹக்கோதா மலையில் பயிற்சிக்குப் போன 210 படைவீரர்களில் 199 பேர் இறந்தார்கள். "கன்ப்பா" என்று அங்கே செய்தியில் சொன்னால் குளிர் அலை. அதைக் கேட்டவுடன் வயதானவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது.

வானிலைத் துறைக்கென்று இரண்டு கணக்குச் சொற்கள் உண்டு. ஒரு நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் அது ஃபுயுபி, குளிர்கால நாள். அதிகபட்சமே 0 டிகிரிக்குக் கீழே நின்றுவிட்டால் மஃபுயுபி, நட்டநடுக் குளிர்கால நாள். டோக்கியோவில் இரண்டாவது வகை மிக அபூர்வம். சப்போரோவில் ஜனவரி முழுக்கச் சகஜம்.

இப்போது காற்று. இலையுதிர்காலம் முடியும்போது வடக்கிலிருந்து வரும் முதல் பலத்த காற்றுக்குக் கொகரஷி என்று பெயர். மரத்தை வாடவைப்பது என்று அர்த்தம். நம்முடைய வாடைக்காற்று நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் ஜப்பானில் இதற்கு அரசாங்க அறிவிப்பே உண்டு, "கொகரஷி எண் 1" என்று. டோக்கியோ, ஒசாகா வட்டாரம் இரண்டுக்கு மட்டும் வானிலைத் துறை அறிவிக்கிறது. டோக்கியோவுக்கு அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் கடைசிக்குள், குளிர்கால அழுத்த அமைப்பு வந்த பிறகு, வடக்குப் பக்கத்துக் காற்று நொடிக்கு 8 மீட்டரைத் தொட வேண்டும். நிபந்தனை பொருந்தாத ஆண்டில் அறிவிப்பே வராது. அந்தக் குளிர்கால அமைப்பையும் நாலே எழுத்தில் ஸெய்கோ தோதெய் என்பார்கள்: மேற்கே உயர்வு, கிழக்கே தாழ்வு. சைபீரியாப் பக்கம் உயரழுத்தம், பசிபிக் பக்கம் தாழ்வழுத்தம். நடுவில் ஜப்பான் மீது காற்று பாய்கிறது. வரும் வழியில் ஜப்பான் கடலின் ஈரத்தைக் குடித்து, நீகாத்தா பக்கம் ஆளுயரப் பனியாகக் கொட்டிவிட்டு, மலை தாண்டி வெறுங்கையோடு குன்மாவில் இறங்குகிறது. அந்த வறண்ட காற்றுதான் கரக்கஜெ, வெறுங்காற்று. அந்த மாநிலத்துக்காரரிடம் அந்தச் சொல்லை எடுத்தாலே போதும், சைக்கிளை எதிர்க்காற்றில் மிதித்துப் பள்ளிக்கூடம் போன கதை வரும். மலைக்கு அப்பால் பெய்யும் பனியின் துகள்கள் சில நேரம் காற்றில் மிதந்து நீலவானத்திலிருந்து உதிரும். அதற்குக் கஜஹனா, காற்றுப்பூ. ஒரே ஒரு முறை பார்த்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளங்கையை நீட்டினேன், விழுந்ததும் காணாமல் போனது.

பருவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஹைக்கூ எழுதுகிறவர்கள் பருவச் சொல் அகராதி ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஸுஜுஷீ, அதாவது இதமான குளிர்ச்சி, எந்தப் பருவத்தில் இருக்கிறது தெரியுமா? கோடையில். வெயிலில் வெந்துகொண்டிருப்பவனுக்குத்தான் ஒரு வீச்சுக் காற்றின் குளிர்ச்சி தெரியும் என்பது கணக்கு. தோலில் மட்டும் படும் குளிரான ஹதஸமு இலையுதிர்காலத்துக்குச் சொந்தம். பேச்சில் ஹதஸமுய் என்பார்கள், முழுக்கைச் சட்டை போடலாமா என்று யோசிக்கவைக்கிற அளவு. ஜூன் மழைக்காலத்தில் திடீரென்று போர்வை தேடவைக்கும் குளிர் ட்ஸுயுஜமு. ஏப்ரலில் ஸகுரா, அதாவது செர்ரி மரம், பூத்துக் குலுங்கும்போது வந்து தொலைக்கும் குளிர் ஹனபியே, பூக்குளிர். மரத்தடியில் விரிப்பு போட்டு உட்கார்ந்து, பூவையும் விட மனமில்லாமல் கோட்டையும் கழற்ற முடியாமல் இருக்கும் அந்த இரவுக்கு வேறு பெயர் வைக்க முடியாது.

கன் என்ற ஒற்றை அசைச் சொல்லும் உண்டு. ஜனவரி 5 அல்லது 6 தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் "வசந்தம் பிறந்தது" என்று நாட்காட்டி சொல்லும் வரை, ஏறக்குறைய 30 நாள். அந்த நாட்களுக்கு மட்டுமே கன். அப்போது நலம் விசாரித்து அனுப்பும் அட்டைக்குக் கன்ச்சூ மிமாய் என்று பெயர். பிப்ரவரி 4 வாக்கில் வசந்தம் பிறந்ததும், வெளியே இடுப்பளவு பனி கிடந்தாலும், அட்டையில் தலைப்பு மாறிவிட வேண்டும்: "மிச்சக் குளிர்" என்ற பொருளில் யொகன். குளிர் மாறவில்லை, நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. அலுவலகத்தில் கடிதம் எழுத நேர்ந்தால் இந்தத் தேதியைப் பாருங்கள், அவர்கள் கவனிப்பார்கள். மார்ச் பக்கம் ஸன்கன் ஷியொன் என்பார்கள், மூன்று நாள் குளிர், நான்கு நாள் வெம்மை. கொரியா, வடகிழக்குச் சீனப் பக்கத்துக் குளிர்காலத்தைப் பற்றிய சொல் அது. ஜப்பானில் இப்போது வசந்தம் தட்டுத் தடுமாறி வருவதைச் சொல்லப் பயன்படுகிறது.

குளிர் என்றாலே ஜனவரி என்று நினைக்க வேண்டாம். தோஹொக்குவின் பசிபிக் கரையில் கோடையில் ஒகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து யமஸெ என்ற ஈரக் குளிர்காற்று வரும். பல நாள் நின்றுவிட்டால் நெல் பால் பிடிக்காது. அந்த மாதிரிக் கோடைக்கு ரெய்கா, குளிர்கோடை. 1993இல் அப்படித்தான் நாடு முழுக்க விளைச்சல் விழுந்து, தாய்லாந்து உட்பட வெளிநாட்டு அரிசியை இறக்குமதி செய்தார்கள். விவசாயக் குடும்பத்தாரிடம் ரெய்கா என்ற சொல்லை லேசாகப் பயன்படுத்தாதீர்கள்.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே தமிழ் நம்மைக் காலை வாரும். மார்கழி அதிகாலையில் புல்லில் நிற்பதும் பனி, மூடி மறைக்கும் மூட்டமும் பனி, இமயமலையில் விழுவதும் பனி. ஜப்பானிய மொழியில் புல்லில் நிற்கும் நீர்த்துளி ட்ஸுயு, காற்றின் ஈரம் நேராக வெள்ளையாக உறைந்து படிந்தால் ஷிமொ, மூட்டம் கிரி, வானிலிருந்து விழுவது யுக்கி, கட்டியாக உறைந்தது கோரி, மழையும் யுக்கியும் கலந்து விழுந்தால் மிஜொரெ. இவற்றை "பனி" என்ற ஒரே பெட்டியில் போட்டு மனப்பாடம் செய்தால் பிறகு பிரிப்பது கஷ்டம். படமாகவே பழகுங்கள். டோக்கியோவின் எரிமலைச் சாம்பல் மண்ணில் ஷிமொபஷிரா வரும், ஷிமொத் தூண்கள். மண்ணின் ஈரம் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு விரல் உயரத்துக்கு நிற்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேண்டுமென்றே அதன்மேல் நடப்பார்கள், ஸக்கு ஸக்கு என்று நொறுங்கும். அதே ஷிமொவோடு "எரிதல்" சேர்ந்து ஷிமொயக்கெ, குளிரில் விரல் சிவந்து வீங்கி அரிக்கும் நோவு.

உடம்பைச் சொல்லும் சொற்களில் கஜிக்கமு ஒன்றை விட்டுவிடாதீர்கள். விரல் மரத்துப்போய் பொத்தான் போட முடியாத, சாவியைத் துளையில் நுழைக்க முடியாத அந்த நிலைக்கு மட்டுமே உள்ள சொல். தண்ணீர் உறைவது கோரு, மனிதன் விறைத்துப்போவது கொகொயெரு. இரண்டையும் மாற்றிச் சொல்லக் கூடாது. காய்ச்சல் வரும்முன் முதுகில் ஓடும் குளிருக்கு ஸமுக்கெ. மருத்துவரிடம் இந்தச் சொல் உடனே வேலை செய்யும். ஒரு விசித்திரம், அதே இரண்டு எழுத்துகளை வானிலைச் செய்தியில் கன்க்கி என்று வாசிப்பார்கள், குளிர்க்காற்றுத் திரள் என்று பொருள். எழுத்தில் பார்க்கும்போது உடம்புக்கா வானுக்கா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரட்டைக் கிளவிகள் நமக்கு எளிது. வெடவெட, கிடுகிடு, ஜில்லென்று எல்லாம் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பல்லும் முழங்காலும் தந்தியடித்தால் கதகத, உடம்பு நடுங்கினால் புருபுரு, முதுகில் ஸமுக்கெ ஓடினால் ஜொக்குஜொக்கு, கோயில் கல்தரையில் கை வைக்கும்போது இதமாக ஜில்லென்றால் ஹின்யரி. இவற்றில் தமிழில் நான் இன்னும் இணை தேடிக்கொண்டிருப்பது ஷின்ஷின். சத்தமில்லாமல் யுக்கி விழுந்துகொண்டே இருப்பதற்கும், சத்தமில்லாமல் குளிர் எலும்புக்குள் இறங்குவதற்கும் ஒரே சொல். நிசப்தத்துக்கே ஒலிக்குறிப்பு வைத்திருக்கிறார்கள். அசாஹிகாவாவில் முதல் பெரிய பனி இரவில், தெருவில் ஒரு வண்டிகூட இல்லாதபோது ஜன்னலைத் திறந்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. "அவனுக்குக் குளிருது" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். ஜப்பானிய மொழியில் அடுத்தவர் உடம்புக்குள் நடப்பதை நேராகச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு என்றால் ஸமுய். நண்பருக்கு என்றால் ஸமுஸோ, குளிர்கிற மாதிரி தெரிகிறது, அல்லது ஸமுகத்தெ இரு, குளிரில் தவிப்பதைக் காட்டுகிறார். எப்போதும் குளிருக்கு அஞ்சுகிற ஆள் ஸமுகரி. சென்னையிலிருந்து வந்தவன் என்று சொன்னால் உங்களை அவர்களே அப்படி அழைத்து, கூடுதலாக ஒரு சூட்டுப் பை கையில் திணிப்பார்கள்.

அப்படியானால் கிளம்பும்முன் எத்தனை? ஸமுய், ட்ஸுமெத்தாய், ஹியெரு, ஸமெரு, ஷிபரெரு, கஜிக்கமு, ஸமுக்கெ, மிஜு ஒத்தொஷி. இந்த எட்டும் போதும். மற்றவை அந்தந்தப் பருவம் வரும்போது தாமாக வரும், ஹனபியேவை ஜனவரியில் படித்துப் பயனில்லை.

இன்னொன்று, பதில் சொல்லும் முறை. கியோட்டோவில் பக்கத்து வீட்டு அம்மா இரவில் குப்பைப் பையோடு வெளியே வரும்போது "யோ ஹியெமஸு நா" என்பார். நல்லா குளிர் இறங்குது இல்லே என்று. ஆரம்பத்தில் நான் "ஹாய், ஸமுய் தெஸ்", ஆமாம், குளிருது என்று பதில் சொல்வேன். தவறில்லை, ஆனால் அவர் தரையிலிருந்து ஏறும் குளிரைச் சொல்கிறார், நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் வருடம்தான் "ஹொன்மா நி, ஹியெமஸு நா", நிஜமாகவே குளிர் இறங்குது என்று அவர் சொல்லையே திருப்பிக் கொடுக்கக் கற்றேன். அன்று அவர் உள்ளே போகவில்லை, பையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். சப்போரோவில் உங்களிடம் அது "ஷிபரெரு நே" என்று வரும். அதையே மரியாதை வடிவில் "ஷிபரெமஸு நே" என்று திருப்பிச் சொல்லுங்கள்.